'மானியம்' என்னும் பலபொருள் ஒருசொல்: போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவை முன்வைத்து அரசு நிதியுதவிச் சொற்கள் – ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

உள்ளூர்ப் பொருளாதாரத்தை வளர்க்க அரசு வழங்கும் நிதியுதவிகள் பலவகைப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் 'மானியம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரையும் அதனை ஒட்டிய ஏலமலைச் சரிவையும் களமாகக் கொண்டு, இச்சொல் இன்று சுட்டும் நான்கு வெவ்வேறு பொருள்களை இக்கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. தொல்காப்பியம் கூறும் பலபொருள் ஒருசொல் கோட்பாடு ஆய்வின் அடிப்படையாகவும், கல்வெட்டுத் தமிழின் நிதிச் சொற்கள் ஒப்பீட்டுக்காகவும் கொள்ளப்பட்டுள்ளன. மானியம் என்பதன் பழம்பொருள் 'வாங்காது விடுதல்' என்பதும், இன்றைய மானியங்களுள் பலவும் அப்பொருளிலேயே இயங்குகின்றன என்பதும், மக்கள் வழக்கில் அச்சொல் 'கையில் தருதல்' என்று பொருள்படுவதே குழப்பத்திற்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மானியம், கடன், இறையிலி, பொலிசை, முன்பணம், ஏலக்காய், போடிநாயக்கனூர்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக இருந்து பின்னர் ஜமீனாகவும், இன்று நகராட்சியாகவும் விளங்கும் ஊராகும். இவ்வூரின் பொருளாதாரம் ஏலக்காயைச் சார்ந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மலைகளிலும் தமிழகத்து மலைச்சரிவுகளிலும் விளையும் ஏலக்காய் இங்கு வந்து சேர்கிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும், இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடைபெறுகின்றது. ஏலம் எடுக்கப்பட்ட காய் இவ்வூர்க் கிடங்குகளில் பருமனும் நிறமும் பார்த்துத் தரம்பிரிக்கப்படுகிறது. காய் பொறுக்கும் அப்பணியைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மலையில் காய் எடுக்கும் தொழிலாளர் பலர் போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்புகளில் மாநில எல்லையைக் கடந்து சென்று திரும்புகின்றனர்.

இத்தகைய ஊரில் அரசின் நிதியுதவி யாரை, எவ்வடிவில் சென்று சேர்கிறது என்பது பொருளியல் வினா. அவ்வுதவியைப் பெற விழைபவர் அதனை எச்சொல்லால் அறிகிறார், அச்சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறார் என்பது மொழியியல் வினா. இரண்டாம் வினாவுக்கு விடை காணாமல் முதல் வினாவுக்கு முழு விடை காண இயலாது. விண்ணப்பிப்பவர் சொல்லை நம்பியே கடன்பத்திரத்தில் கையொப்பமிடுகிறார். அச்சொல்லின் பொருள் பிழைபட உணரப்பட்டால் அதன் சுமை அவர் குடும்பத்தின்மீது விழுகிறது.

பலபொருள் ஒருசொல்: இலக்கண அடிப்படை

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லை இருவகையாகப் பகுக்கிறது. உடன்வரும் வினையால் பொருள் தெளிவுறுவது ஒருவகை. வினையாலும் தெளிவுறாதது மற்றொருவகை. உரை மரபில் 'மா' என்னும் சொல் இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். 'மா பூத்தது' என்றால் மரம் என்பது விளங்கும். 'மா வீழ்ந்தது' என்றால் மரமா, விலங்கா என்பது விளங்காது. இரண்டாம் வகைச் சொல்லை ஆளுங்கால், கூறுவோன் தான் கருதிய பொருளை வெளிப்படக் கிளந்து கூற வேண்டும் என்பது இலக்கண விதி. ஐயத்தை நீக்கும் பொறுப்பு கேட்போனுக்கு உரியதன்று, சொல்வோனுக்கு உரியது.

போடிநாயக்கனூரின் அன்றாட வழக்கிலேயே முதல்வகைக்குச் சான்று உண்டு. ஏலம் என்பது நறுமணக் காயைத் தரும் செடியின் பெயர். போட்டி விலை கூறி விற்பதைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசிய மொழிவழி வந்த வேறு சொல். வரலாற்றால் வேறான இவ்விரண்டும் வடிவால் ஒன்றாயின. எனினும் 'ஏலம் காய்த்தது', 'ஏலம் விட்டனர்' என வினை மாறுவதால் இங்கு எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

மானியம் என்னும் சொல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. 'மானியம் வழங்கப்படும்', 'மானியம் கிடைத்தது', 'மானியம் வந்தது' ஆகிய தொடர்களில் வினை எதுவாயினும், எவ்வகை மானியம் என்பது விளங்குவதில்லை. ஆகவே, அதனை ஆளும் அலுவலகங்களும் வங்கிகளும் கருதிய பொருளைக் கிளந்து கூறவேண்டிய கடப்பாடு உடையன.

மானியம்: பொருள் வரலாறு

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, மானியம் என்பதற்கு வரியின்றியோ சிறுவரி மட்டும் செலுத்தியோ அனுபவிக்கும் நிலம் என்னும் பொருளைப் பதிவு செய்கிறது. இது வடமொழிவழி வந்த சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் இக்கருத்தினை உணர்த்தப் பயின்ற சொல் 'இறையிலி' என்பதாகும். பிற்காலக் கல்வெட்டுகளில், குறிப்பாக விசயநகர ஆட்சிக்காலத்தனவற்றில், எல்லா வரியும் நீங்கிய நிலம் 'சர்வமானியம்' எனப்பட்டது. கோயிற்பணி, ஊர்ப்பணி ஆகியவற்றைச் செய்வோருக்கு விடப்பட்ட நிலங்களும் மானியம் எனவே வழங்கின. ஊர்த்தலைமையைக் குறிக்கும் 'மணியம்' இதனின் வேறான சொல் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வழக்குகள் அனைத்திலும் காணப்படும் பொதுக்கூறு ஒன்றுண்டு. அரசு தன் கருவூலத்திலிருந்து பணம் எடுத்துத் தருவதில்லை. தனக்கு வரவேண்டிய இறையை வாங்காது விடுகிறது. இறையிலி என்னும் தமிழ்ச்சொல் எதிர்மறை வடிவில் அமைந்திருப்பதே இதனைப் புலப்படுத்தும். பழைய மானியத்தின் இயல்பு கொடுத்தல் என்பதைவிட, கொள்ளாது விடுதல் என்பதற்கே நெருக்கமானது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்து இனாம் நிலங்களை ஆராய 1858ஆம் ஆண்டு இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையும், 1963ஆம் ஆண்டுச் சட்டம் சிறு இனாம்களையும் ஒழித்து இரயத்துவாரி முறைக்கு மாற்றின. மானிய நிலம் மறைந்த பின்னும் மானியம் என்னும் சொல் எஞ்சியது. வளர்ச்சித் திட்டங்களின் ஆட்சிமொழியில் அது நிதியுதவியைக் குறிக்கும் பெயராயிற்று. நிலத்தைச் சுட்டிய சொல் பணத்தைச் சுட்டத் தொடங்கிய இந்நிலையிலேயே மக்கள் வழக்கில் 'அரசு இலவசமாகத் தரும் பணம்' என்னும் பொருள் வேரூன்றியது எனலாம்.

'கடன்' என்னும் சொல்லின் நிலையும் நோக்கத்தக்கது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் கடன் என்பது கடமையைக் குறிக்கிறது. பின்னரே திருப்பித்தரவேண்டிய பொருளைக் குறிக்கும் வழக்கு மேலோங்கிற்று. இருபொருளிலும் 'செய்தே தீரவேண்டியது' என்னும் கருத்து மாறவில்லை. இதனால் கடன் என்ற சொல்லைக் கேட்டவர் அதன் சுமையை உடனே உணர்கின்றனர். 'தள்ளுபடி' என்பதும் அவ்வாறே தெளிவானது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு ரூ.12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது அச்சொல்லின் பொருளில் எவருக்கும் ஐயம் எழ இடமில்லை. குழப்பம் மானியத்தில் மட்டுமே நிலைகொண்டுள்ளது.

இன்றைய மானியத்தின் நான்கு பொருள்கள்

1. கடனில் கழியும் மானியம்

பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், முன்பிருந்த இரு திட்டங்களை இணைத்து 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கதர் மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையமும் மாவட்டத் தொழில் மையங்களும் இதனைச் செயற்படுத்துகின்றன. பொதுப்பிரிவினர்க்கு நகர்ப்புறத்தில் 15 விழுக்காடும் ஊரகத்தில் 25 விழுக்காடும் மானியம் உண்டு. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மலைப்பகுதியினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர்க்கு அது முறையே 25 விழுக்காடும் 35 விழுக்காடும் ஆகும்.

போடிநாயக்கனூர்க் கிடங்கொன்றில் காய் பொறுக்கும் பெண் ஒருவர், ராசிங்காபுரம் போன்ற ஊராட்சிப் பகுதியில் ஏலக்காயைத் தரம்பிரித்துப் பொதியிடும் சிறுதொழில் தொடங்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். திட்ட மதிப்பு ரூ.5,00,000. அவர் தம் பங்காக 5 விழுக்காடு, அதாவது ரூ.25,000 செலுத்த வேண்டும். எஞ்சிய ரூ.4,75,000 வங்கிக் கடனாக அனுமதிக்கப்படும். 35 விழுக்காட்டு மானியமாகிய ரூ.1,75,000 அவர் கைக்கு வருவதில்லை. அது அவர் பெயரில் அவ்வங்கியிலேயே மூன்றாண்டு வைப்புத்தொகையாக வைக்கப்படுகிறது. அவ்வைப்புக்கு வட்டி இல்லை. அதற்கு ஈடான கடன்பகுதிக்கும் வட்டி கணக்கிடப்படுவதில்லை. மூன்றாண்டு முடிந்து, தொழில் நடைபெறுவது நேரில் சரிபார்க்கப்பட்ட பின்னரே அத்தொகை கடனில் கழிக்கப்படுகிறது. ஆக, அவர் அடைக்கவேண்டிய அசல் ரூ.3,00,000.

இதே தொழிலை அப்பெண் போடிநாயக்கனூர் நகராட்சி எல்லைக்குள் தொடங்கினால் மானியம் ரூ.1,25,000 ஆகக் குறையும். அடைக்கவேண்டிய அசல் ரூ.3,50,000 ஆக உயரும். ஊர் எல்லை ஒன்றே ரூ.50,000 வேறுபாட்டை உண்டாக்குகிறது. இத்திட்டத்தில் பயிர் சாகுபடியும் தோட்டப்பயிரும் விலக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் உள்ளன; அவற்றின் மதிப்புக்கூட்டலுக்கு மட்டும் இடமுண்டு. எனவே, ஏலச்செடி நடுவதற்கு இம்மானியம் இல்லை. காயைத் தரம்பிரித்துப் பொதியிடுவதற்கு உண்டு.

இங்கு மானியம் என்பதன் உண்மைப் பொருள், கடனின் ஒரு பகுதியை நிபந்தனையுடன் வாங்காது விடுதல் என்பதாகும். வியப்புக்குரிய வகையில் இது இறையிலியின் பழம்பொருளுக்கே அணுக்கமானது. ஆனால் '35 விழுக்காடு மானியம்' என்னும் அறிவிப்பைப் படிப்பவர் அத்தொகை தொடக்கத்திலேயே கையில் கிடைக்கும் எனக் கருத இடமுண்டு.

2. வட்டியில் கழியும் மானியம்

கொரோனாக் காலத்தில், 2020 ஜூன் மாதம், சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமரின் நிதித்திட்டம் தொடங்கப்பட்டது. பிணையின்றி முதலில் ரூ.10,000 கடன், ஓராண்டில் தவணைகளாக அடைத்தவர்க்கு அடுத்து ரூ.20,000, பின்னர் ரூ.50,000 என அது அமைந்தது. 2025ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் முதலிரு தொகைகளும் முறையே ரூ.15,000, ரூ.25,000 என உயர்த்தப்பட்டன. தவணை தவறாது செலுத்துவோருக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் அவர்தம் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படும்.

இங்கு அசல் முழுவதும் கடனே. மானியம் வட்டியின் ஒரு பகுதிக்கு மட்டும் உரியது. அதுவும் ஒழுங்காக அடைத்தவர்க்கே உரியது. நோயாலோ மழையாலோ வியாபாரம் நின்று தவணை தவறியவர், உதவி மிகத் தேவைப்படும் வேளையில் அதனை இழக்கிறார். மேலும், இத்திட்டம் அடிப்படையில் நகர்ப்புறத்திற்கு உரியது. போடிநாயக்கனூர் நகரத் தெருவில் தட்டுக்கடை நடத்துபவர் நகராட்சியின் சான்றோ பரிந்துரையோ பெற்று விண்ணப்பிக்கலாம். குரங்கணி மலையடிவாரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தேநீர் விற்பவர்க்கு அவ்வழி இல்லை. முந்தைய திட்டத்தில் ஊரகம் என்பது கூடுதல் மானியத்திற்குக் காரணமாயிற்று. இத்திட்டத்தில் அதுவே தகுதியின்மைக்குக் காரணமாகிறது. இரண்டையும் மானியம் என்னும் ஒரே சொல் மூடிவிடுகிறது.

3. செலவிட்டபின் வரும் மானியம்

ஏலக்காய் வாரியமும் நறுமணப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவும் இணைக்கப்பட்டு, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1987இல் நறுமணப் பொருள்கள் வாரியம் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. முதிர்ந்து விளைச்சல் குன்றிய ஏலச்செடிகளை அகற்றி மறுநடவு செய்வதற்கு, பதிவுபெற்ற சிறு விவசாயிகளுக்கு இவ்வாரியம் மானியம் வழங்கி வந்துள்ளது. விவசாயி தம் பணத்தில் நட்டு முடித்து, களச் சரிபார்ப்பு நிகழ்ந்த பின் செலவின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் முறை இது.

ஏலச்செடி நட்ட உடனே பயன் தருவதில்லை. காய்ப்புக்கு வர ஏறத்தாழ இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலச் செலவை முதலில் தாங்க வல்லவரே இம்மானியத்தை அடைய முடியும். நிலமும் பதிவும் உடையவர் என்னும் வரையறை இருப்பதால், அந்நிலத்தில் நாட்கூலிக்குக் காய் எடுக்கும் தொழிலாளி இச்சொல்லின் எல்லைக்குள் வருவதே இல்லை. 'ஏலக்காய்க்கு மானியம்' என்னும் தொடரில் உழைப்பவர் எங்கும் இடம்பெறவில்லை.

4. வழியில் கடனாகும் கொடை

2020 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட, உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டத்தில், அத்தொழிலில் ஈடுபடும் மகளிர் சுயஉதவிக்குழு உறுப்பினர்க்குத் தலா ரூ.40,000 வரை தொடக்க மூலதனம் உண்டு. நடைமுறை மூலதனத்திற்கும் சிறு கருவிகள் வாங்குவதற்கும் உரிய இத்தொகை, குழுக்களின் கூட்டமைப்புக்கு மானியமாக அளிக்கப்படுகிறது. கூட்டமைப்பின்வழி உறுப்பினரைச் சேரும்போது அது கடனாகிறது. உறுப்பினர் அதனைக் குழுவுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

ஒரே தொகை ஒரு கையில் கொடையாகவும் மறுகையில் கடனாகவும் இருப்பது பிழையன்று. திரும்பிவரும் பணம் அடுத்த உறுப்பினர்க்குப் பயன்படுவது நன்மையே. ஆனால் 'உறுப்பினருக்கு ரூ.40,000 மானியம்' என்று சுருக்கிக் கூறும்போது, அடைக்கவேண்டிய பணம் அடைக்கவேண்டாத பணமாகத் தோற்றமளிக்கிறது. பின்னர் குழுவின் தலைவி தவணை கேட்கும்போது, அரசு இலவசமாகத் தந்ததை இவர் ஏன் கேட்கிறார் என்னும் ஐயம் எழக்கூடும். சொல்லின் மயக்கம் குழுவின் நம்பிக்கையைக் குலைக்கும் இடம் இதுவே.

முதலும் பொலிசையும்: கல்வெட்டுத் தமிழின் தெளிவு

இந்நான்காம் வகைக்குத் தெளிவான சொற்கள் சோழர் காலத் தமிழில் இருந்தன. கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன்னையும் காசையும் ஊர்ச்சபையாரும் பிறரும் பெற்று, ஆண்டுதோறும் வட்டி செலுத்தினர். நிலைத்திருக்கும் தொகை 'முதல்'. அதன் வட்டி 'பொலிசை'. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசையாகக் குறிக்கப்படுகிறது. நந்தாவிளக்கு எரிக்க விடப்பட்ட ஆடுகள், பெரும்பாலும் 90 அல்லது 96, 'சாவா மூவாப் பேராடுகள்' எனப்பட்டன. ஆடு சாகலாம், மூப்படையலாம். ஆனால் இடையர் அவ்வெண்ணிக்கையைக் குறையாது காக்க வேண்டும் என்பது அத்தொடரின் பொருள்.

பெறுபவரின் கடப்பாட்டைச் சொல்லே உணர்த்திய நிலை இது. 'சாவா மூவா' என்னும் அடை, கொடுக்கப்பட்டது உண்டு தீர்ப்பதற்கன்று என்பதை எழுத்தறியாத இடையருக்கும் விளக்கியது. இன்று தமிழக மகளிர் குழுக்களில் வழங்கும் 'சுழல்நிதி' என்னும் சொல் இம்மரபுக்கு நெருக்கமானது. சுழலும் பணம் தன்னிடம் நிற்காது, அடுத்தவரிடம் செல்லும் என்பதனை அச்சொல் குறிப்பால் உணர்த்துகிறது. நல்ல கலைச்சொல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இது சான்று.

நெருக்கடிக் காலத் தொகுப்பும் 'உத்தரவாதம்' என்னும் சொல்லும்

2020 மே மாதம் ரூ.20 லட்சம் கோடி மதிப்பிலான பொருளாதாரத் தொகுப்பை ஒன்றிய அரசு அறிவித்தது. அத்தொகுப்பின் பெரும்பகுதி நேரடிப் பணமாக அன்றிக் கடனாகவும் கடனுக்கான உத்தரவாதமாகவும் அமைந்தது. அதில் ரூ.3 லட்சம் கோடி, தொழில் நிறுவனங்களுக்கான அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்திற்கு உரியது. 2020 பிப்ரவரி 29ஆம் நாளில் நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு வரை கூடுதல் கடன் அளிக்க அது வழிசெய்தது. தொடக்கத்தில் நான்காண்டுக் காலமும் முதல் ஓராண்டுக்கு அசல் செலுத்துவதில் விலக்கும் இருந்தன.

இத்திட்டத்தில் ஏற்கெனவே கடன் உடையவருக்கே புதுக்கடன் கிடைத்தது. வங்கிக் கடனைத் தவிர்த்து, தம் சேமிப்பிலோ உறவினர் கைமாற்றிலோ வணிகம் நடத்திய சிறு ஏலக்காய் வியாபாரி இதன் பயனைப் பெற இயலாது. 'அரசு உத்தரவாதம்' என்பதும் இருபொருள்படுவது. அரசு உத்தரவாதம் அளித்தது கடன் கொடுத்த வங்கிக்கே. கடன் பெற்றவர்க்கு அன்று. எவருக்கு உத்தரவாதம் என்பதைக் கூறும் நான்காம் வேற்றுமைச் சொல் தொடரில் இல்லாமையால், கடன் வாங்கியவர் தம் பொறுப்பை அரசு ஏற்றதாகக் கருத நேரலாம்.

முன்பணமும் மானியமும்

மலைத்தோட்டத் தொழிலாளர் வாழ்வில் நெடுங்காலமாக நிலைத்த நிதிச்சொல் 'முன்பணம்' என்பதாகும். கங்காணி முறைக் காலந்தொட்டு, வேலைக்கு முன்னரே கையில் தரப்பட்டுப் பின்னர்க் கூலியில் கழிக்கப்படும் பணம் அது. முன்பணம் முதலில் கைக்கு வருகிறது, பின்னர்ச் சுமையாகிறது. அரசின் கடன்சார் மானியம் முதலில் சுமையாகிறது, பின்னரே பயனாகிறது. காலவரிசையில் இரண்டும் நேர் எதிரானவை.

மழை மிகுந்து வேலையற்ற நாள்களில் குடும்பத்திற்குத் தேவைப்படுவது உடனே கைக்கு வரும் பணம். மூன்றாண்டு கழித்துக் கடனில் கழியும் ரூ.1,75,000, தொகையால் பெரிதாயினும், அன்றைய ரூ.5,000 முன்பணத்திற்கு ஈடாவதில்லை. மேற்காட்டிய பெண் தம் பங்காகிய ரூ.25,000ஐ முன்பணமாகவோ தனியார் வட்டிக்கோ பெற்றால், மானியத்தின் பயனில் ஒரு பகுதி தொடக்கத்திலேயே தேய்ந்துவிடும். இவ்வேறுபாட்டை அவர் கையொப்பமிடும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அதற்குச் சொல் துணைசெய்ய வேண்டும்.

பரிந்துரைகள்

புதுச்சொற்களை ஆக்குவதினும், வழக்கிலுள்ள சொல்லுக்குத் தெளிவான அடைகொடுத்தல் பயனுடையது. 'மானியம்' என்னும் சொல்லை நீக்குதல் இயலாது, அது தேவையுமில்லை. தொல்காப்பிய விதிப்படி அதனைக் கிளந்து கூறினால் போதும்.

முதல் வகையைக் 'கடனில் கழியும் மானியம்' எனவும், இரண்டாவதை 'வட்டி மானியம்' எனவும், மூன்றாவதைச் 'செலவிட்டபின் வரும் மானியம்' எனவும், நான்காவதைச் 'சுழல்நிதி' எனவும் தமிழ் அறிவிப்புகளிலும் விண்ணப்பங்களிலும் குறிக்கலாம். விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் மூன்று வினாக்களுக்கு எண்ணால் விடையிருத்தல் வேண்டும்: இன்று என் கைக்கு வருவது எவ்வளவு? நான் அடைக்கவேண்டியது எவ்வளவு? மானியம் எந்த நாளில், எந்நிபந்தனையின்மேல் கழிக்கப்படும்? உத்தரவாதம் எனக் கூறுமிடத்து, 'வங்கிக்கு' என்னும் சொல்லையும் சேர்த்தெழுதுதல் நலம்.

முடிவுரை

மானியம் என்பது வரி வாங்காது விடப்பட்ட நிலத்தைக் குறித்து, இன்று பல்வகை நிதியுதவிகளுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. கடனில் கழிதல், வட்டியில் கழிதல், செலவிட்டபின் வருதல், வழியில் கடனாதல் என நான்கு பொருள்கள் அதனுள் அடங்கியுள்ளன. முதலிரண்டும் 'வாங்காது விடுதல்' என்னும் பழம்பொருளைத் தொடர்கின்றன. நான்கனுள் ஒன்றேனும், மக்கள் கருதுவதுபோல், தொடக்கத்திலேயே கையில் தரப்பட்டுத் திருப்பிச் செலுத்த வேண்டாத பணமாக இல்லை.

ஏலமலைச் சரிவில் நிலமுடையவர், வணிகர், காய் பொறுக்கும் பெண், எல்லை கடந்து கூலிக்குச் செல்பவர் ஆகிய அனைவரும் ஒரே காயைச் சார்ந்து வாழ்கின்றனர். ஆயினும் அவர்களுக்குரிய மானியங்கள் வெவ்வேறானவை. கூலிக்குச் செல்பவர்க்கு, அவர் செய்யும் வேலையின் பெயரால், இங்கு ஆராயப்பெற்ற எதுவும் இல்லை. ஒரே சொல் வழங்குவதால் இவ்வேறுபாடும் இவ்வின்மையும் மறைகின்றன. ஆட்சித்தமிழ் ஆய்வு கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடாமல், கையொப்பமிடும் எளியவர் அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருளையும் ஆராய்தல் வேண்டும். ஐயம் தரும் சொல்லைக் கிளந்து கூறுதல் சொல்வோன் கடன் என்பது இலக்கணம் வகுத்த நெறி. அரசின் நிதியுதவி அறிவிப்புகளுக்கும் அந்நெறி பொருந்தும்.